டிவியில் காய்க்கிற மரம் கரிசலில் காய்க்குமா?



காலையில் டீக்கடைக்குப் போனால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலே முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. இலையை எண்ணலாம், காயை எண்ண முடியாது. பக்கத்தில் ஒருத்தர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று, "எந்த மண்ணாக இருந்தாலும் வரும், தண்ணீர் அதிகம் வேண்டாம், நட்ட வருஷமே காய்க்கும், வருஷம் பூரா காய்க்கும்" என்று அடித்துச் சொல்கிறார். கீழே ஒரு போன் நம்பர் ஓடுகிறது. இப்போதே கூப்பிட்டால் பாதி விலை, இரண்டு கன்று இலவசம், வீட்டு வாசலுக்கே பார்சல் வரும்!

இதைப் பார்க்கிற நாம் யார்? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கயத்தாறு வட்டாரத்து மானாவாரி விவசாயிகள். மேகத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள். புரட்டாசியில் உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் போட்டுவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள். மழை பெய்யாமலும் கெடுக்கும், அறுப்பு நேரத்தில் பெய்தும் கெடுக்கும். அப்படிப்பட்டவன் காதில் "தண்ணீர் வேண்டாம், எந்த மண்ணிலும் வரும்" என்ற வார்த்தை விழுந்தால் எப்படி இருக்கும்? தவித்த வாய்க்கு மோர் வார்த்த மாதிரி இருக்கும். விளம்பரம் எழுதுகிறவனுக்கு நம்ம பஞ்சம் தெரியும். அந்தப் பஞ்சத்தைத்தான் அவன் நமக்கே விலை போட்டு விற்கிறான்.

ஊரார் கதையைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள மாட்டோம். நாமே ஏமாந்திருக்கிறோம். மூணு வருஷத்துக்கு முந்தி உளுந்துக்கு ஓரளவு விலை கிடைத்தது. நம்ம சங்கத்து உறுப்பினர்கள் நாலு பேர் கூடிப் பேசி, டிவியில் வந்த நம்பருக்குப் போன் போட்டோம். ஒட்டு மா, கொய்யா, பப்பாளி என்று நாற்பது கன்று. கன்று ஒன்று 350 ரூபாய். மொத்தம் 14,000 ரூபாய், பார்சல் கூலி தனி. பெட்டி வந்தது. பணத்தைக் கொடுத்தால்தான் பெட்டியைப் பிரிக்கலாம் என்றார் கொண்டு வந்தவர். கொடுத்தோம். உள்ளே நியூஸ் பேப்பரில் சுற்றி, வேர் தெரிய, வாடிக் கிடந்தது கன்று. பதினொன்று அன்றைக்கே செத்தது. பெட்டிக்குள் ரசீது இல்லை, கம்பெனி விலாசம் இல்லை. ஒரு துண்டுச் சீட்டும் போன் நம்பரும்தான்.

மிச்சத்தை நட்டோம். ஐப்பசி மழையில் கரிசல் களிமண்ணாக நின்றது. பப்பாளியெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. தையில் இலையெல்லாம் மஞ்சள் பூத்தது. சித்திரையில் மண் வெடித்து, கன்றின் வேரையே இழுத்து அறுத்தது. பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியும் நின்றது ஆறே ஆறு. அதிலும் இரண்டில் ஒட்டுப் போட்ட கிளை பட்டுப்போய், அடியில் இருந்த காட்டுக் கன்று தழைத்து வளர்ந்திருக்கிறது.

போன் போட்டோம். "உங்க மண்ணு சரியில்லை, உங்க பராமரிப்பு சரியில்லை" என்றார்கள். அடுத்த மாசம் போட்டால் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை.

மக்களே, இந்தப் பதிலைக் கவனியுங்கள். விற்கும்போது "எந்த மண்ணிலும் வரும்". செத்த பிறகு "உங்க மண்ணு சரியில்லை". இந்த இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் வாயே சொல்லிவிட்டது!

படத்தில் இருக்கிற செடி நிஜமா என்று கேட்பீர்கள். செடி நிஜம்தான், சொல்கிற கதைதான் பொய். மா ஒட்டுக் கன்று என்பது காய்த்துப் பழகின மரத்திலிருந்து எடுத்த குச்சியை, கொட்டையில் முளைத்த கன்றின்மேல் கட்டுவது. அந்தக் குச்சிக்கு வயசு இருக்கிறது. அதனால் பையில் இருக்கும்போதே பூப்பூத்துக் காய் பிடிக்கலாம். ஆனால் விவரம் தெரிந்த தோட்டக்காரர் முதல் மூணு வருஷம் அந்தப் பூவைக் கிள்ளி எறிந்துவிடுவார். சின்னக் கன்றைக் காய்க்க விட்டால் அதன் வளர்ச்சி நின்றுபோகும். கிள்ள வேண்டிய பூவைக் காய்க்க விட்டு, அதைப் படம் பிடித்து, "நட்ட வருஷமே மகசூல்" என்று காட்டுவது எப்படிப்பட்ட வியாபாரம்?

பப்பாளியில் வேறொரு தில்லுமுல்லு நடக்கும். ரெட் லேடி என்பது வீரிய ஒட்டு ரகம். ஒவ்வொரு தடவையும் கம்பெனி விதையிலிருந்துதான் அதன் கன்று வளர்க்க வேண்டும். பழத்தைத் தின்றுவிட்டு அந்த விதையைப் போட்டால் தாய்ச் செடி மாதிரி ஒரே சீராக வராது. ஆனால் கன்றாக நிற்கும்போது எது அசல், எது பழவிதை என்று நம்ம கண்ணுக்குத் தெரியாது. தெரிய வரும்போது ஆறேழு மாசம் ஓடியிருக்கும்.

இப்போது ஆப்பிள் வேறு வந்திருக்கிறது. வழக்கமான ஆப்பிள் ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரம், 1,000 மணி நேரம் குளிர் வேண்டும். கோவில்பட்டியில் மார்கழிப் பனியில்கூட அந்தக் குளிர் ஒரு மணி நேரம் கிடைக்காது. குளிர் குறைவாகவே தேவைப்படுகிற ரகமும் உண்டு. இமாச்சலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 அப்படிப்பட்டது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அது நிஜமான உழைப்பு, அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் ஒருத்தர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரம் நாலு காய் காய்ப்பது வேறு, தண்ணீர் இல்லாத கரிசலில் ஒரு ஏக்கர் வைத்து வட்டி கட்டிப் பிழைப்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறவனிடம்தான் நமக்குச் சண்டை.

நம்ம மண்ணைப் பற்றி டிவிக்காரனிடம் பாடம் கேட்க வேண்டிய நிலையிலா இருக்கிறோம்? கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகக் கரிசலையும் மானாவாரியையும் அங்கே ஆராய்ந்து வருகிறார்கள். கரிசல் மழையில் உப்பி ஒட்டும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். பல இடங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல் இலை மஞ்சளாகும். தண்ணீர் தேங்கினால் தாங்காத பப்பாளி, வெண்ணெய்ப்பழம் மாதிரிச் செடிகளுக்கு வேரும் தண்டும் அழுகும். இது நம்ம தாத்தாவுக்கும் தெரியும், ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியும். தெரியாதவன் மாதிரி நடிக்கிறவன் விளம்பரக்காரன் ஒருத்தன்தான்.

அப்படியானால் கரிசலில் பழமரமே வராதா? வரும். இலந்தை, நெல்லி, சீத்தா, கொடுக்காப்புளி, நாவல், புளி எல்லாம் வறட்சியைத் தாங்குகிற சாதி. பக்கத்திலே அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே.-1 என்று மானாவாரிக்கே ஒரு சீத்தா ரகம் கொடுத்திருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்.-1 புளி கொடுத்திருக்கிறது. இதுவும் மந்திரம் இல்லை. கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டி மழைத்தண்ணீரைத் தேக்க வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு உயிர்த்தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்க்கச் சில வருஷம் பொறுக்க வேண்டும். இந்த உண்மையைச் சொன்னால் டிவியில் யார் பார்ப்பார்கள்? அதனால்தான் இதற்கெல்லாம் விளம்பரம் இல்லை.

நேர்மையாகக் கன்று வளர்த்து விற்கிற நர்சரிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பையும் இந்தப் பொய் விளம்பரம்தான் கெடுக்கிறது.

இது இன்றைக்குப் புதுசாக வந்த நோய் இல்லை. தேக்கு மரம் வளர்த்தால் லட்சாதிபதி என்றார்கள். பத்திரிகையைத் திறந்தாலே தேக்குதான். 1998-ல் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் கவிழ்ந்தபோது, பணம் போட்டவர்கள் கைகாலைப் பிசைந்தார்கள். அப்புறம் ஈமு கோழி. சினிமா நடிகர்களை வைத்து டிவியில் விளம்பரம். 2012 ஆகஸ்டில் பெருந்துறை சுசி ஈமு பண்ணை மூடியது. தீனி போட ஆளில்லாமல் பறவைகள் பட்டினி கிடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். ஈமுவில் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள், போலீசுக்குப் போனார்கள், வழக்கு நடந்தது. கன்று வியாபாரத்தில் ஆளுக்கு 1,500 ரூபாய், 3,000 ரூபாய். இதற்குப் போய் யார் வழக்குப் போடுவார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறுவாரா? அதோடு வெட்கம். "நாலெழுத்துப் படிச்சவன், டிவியைப் பார்த்து ஏமாந்துட்டான்" என்று ஊர் சிரிக்குமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். செத்த கன்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே போட்டுவிட்டு, அந்தக் குழியையும் மூடிவிடுகிறோம்.

மக்களே, அவனுடைய முதல் கன்று இல்லை, நிலம் இல்லை. நம்ம வெட்கம்தான் அவனுடைய முதல்! நாம் ஒவ்வொருத்தரும் சொல்லாமல் மறைத்ததால்தான் பக்கத்து ஊர்க்காரன் அடுத்த மாசம் அதே நம்பருக்குப் போன் போட்டான். நம்ம சங்கமும் மூணு வருஷம் இதைப் பேசாமல் இருந்தது. அது நம்ம தப்பு. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வோம்.

பழக்கன்றும் ஒட்டும் சட்டப்படி "விதை"தான். 1966 விதைச் சட்டம் நாற்று, கிழங்கு, போத்து, ஒட்டு எல்லாவற்றையும் விதை என்றே சொல்கிறது. 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பழக்கன்று விற்கிறவர் உரிமம் வாங்க வேண்டும், வாங்குகிறவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். ரசீது கொடுக்காதவன் நமக்குத் தயவு பண்ணவில்லை, சட்டத்தை மீறுகிறான். இதைப் பார்க்கத்தான் விதை ஆய்வாளர் என்று ஒரு அதிகாரி சம்பளம் வாங்குகிறார்.

"செத்த செடியை வைத்துக்கொண்டு எப்படி நிரூபிப்பாய்?" என்று மிரட்டுவார்கள். 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழகத்துக்கும் ஆந்திர விவசாயிகளுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். விதைத்ததில் மிச்சம் பிடித்து வைத்திருந்து பரிசோதனைக்குக் கொடு என்று விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வசதி. விற்றவன் டெல்லியில் இருந்தாலும் சரி, வேறெங்கே இருந்தாலும் சரி, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. உங்களுக்குத் தாண்டக் கூடாது. ஒரே விதமாக ஏமாந்த பலர், ஆணையத்தின் அனுமதி பெற்று, ஒரே புகாராகவும் கொடுக்கலாம்.

அதே சட்டத்தின் 16, 17 பிரிவுகளைக் கவனியுங்கள். மோசடி விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. விளம்பரம் பொய் என்று தெரிந்தால், 21-ம் பிரிவுப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை நிறுத்தச் சொல்லலாம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அதில் நடித்துச் சிபாரிசு செய்தவருக்கும் அபராதம் உண்டு. நிரூபிக்க முடியாத அற்புத குணம் இருப்பதாகக் காட்டும் விளம்பரத்தைக் கேபிள் டிவியில் போடக் கூடாது என்று 1994 கேபிள் டிவி விதிகளே சொல்கின்றன. எந்த மண்ணிலும், தண்ணீர் இல்லாமல், வருஷம் பூரா காய்க்கிற மரம் அற்புதம் இல்லாமல் வேறென்ன?

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை? விதை ஆய்வாளர் கடையைத்தான் பார்க்கிறார். டிவிக்கும் போனுக்கும் பார்சலுக்கும் கடை இல்லையே! கன்று எங்கே வளர்கிறது, யார் அனுப்புகிறார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஓட்டையை அரசுதான் அடைக்க வேண்டும். ஆகவே நாம் கேட்கிறோம்:

1. டிவி, போன், பார்சல் மூலம் கன்று விற்கிற யாராக இருந்தாலும், விளம்பரத்திலேயே நர்சரி விலாசத்தையும் உரிம எண்ணையும் காட்ட வேண்டும். காட்டாத விளம்பரத்தை டிவிக்காரர்கள் போடக் கூடாது.

2. மகசூல் கணக்குச் சொன்னால், எந்த மண்ணில், எத்தனை வருஷத்தில், எவ்வளவு தண்ணீரில் அது கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும்.

3. பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் உரிமை வேண்டும்.

4. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்தப் புகார்களைத் தனியாகப் பதிவு செய்து, எடுத்த நடவடிக்கையை அடுத்த கூட்டத்தில் ஆட்சியர் வாசிக்க வேண்டும்.

5. கரிசலுக்கு ஏற்ற பழக்கன்றுகளை அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் போதுமான அளவு வளர்த்து, மழைக்கு முன்னால் வட்டாரத்துக்கே கொண்டு வந்து கொடுக்க வேண்டும். நல்ல கன்று பக்கத்தில் கிடைத்தால் நாம் ஏன் டிவிக்குப் போன் போடப் போகிறோம்?

அரசு செய்யும் வரைக்கும் நாம் செய்ய வேண்டியது என்ன? விளம்பரத்தைப் பார்த்ததும் போனை எடுக்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். "இன்றைக்கு மட்டும்" என்கிற சலுகை அடுத்த வாரமும் இருக்கும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலோ, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, தோட்டக்கலை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள். இதே கரிசலில் அந்த மரம் காய்த்து நிற்கிற ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். விலாசமும் ரசீதும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாற்பது வேண்டாம், இரண்டு வாங்கி நட்டுப் பாருங்கள். விளம்பரம் ஓடும்போதே பிள்ளைகளை விட்டுச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பெட்டி பிரிப்பதையும் பிடியுங்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்!

சின்னத் தொகைதானே என்று நினைக்காதீர்கள். 1970-ல் மின்கட்டணத்தை யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் கூட்டியதை எதிர்த்துத்தான் தமிழ்நாட்டு விவசாயி தெருவுக்கு வந்தான். பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்து எழுந்த தலைவர் நாராயணசாமி நாயுடு, 1984 டிசம்பர் 21 அன்று நம்ம கோவில்பட்டியில்தான் கண்ணை மூடினார். பைசாவுக்காக நின்றவர்களின் வாரிசுகள் நாம். ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்து வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளலாமா?

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊருக்கு நாலு பேராவது வாருங்கள். ரசீது இருந்தால் ரசீதோடு வாருங்கள். இல்லையென்றால் அந்தத் துண்டுச் சீட்டோடு வாருங்கள். அதுவும் இல்லையென்றால் செத்த கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள். ஆட்சியர் மேசையில் அந்தக் காய்ந்த குச்சிகளை வரிசையாக வைப்போம். டிவியில் காய்த்த மரம் நம்ம கரிசலில் எப்படி இருக்கிறது என்று அதிகாரிகளும் பார்க்கட்டும்!

ஏமாந்தவன் குற்றவாளி இல்லை! ஏமாற்றியவனே குற்றவாளி!
வாய் திறப்போம்! ஒன்றுபடுவோம்! வெல்வோம்!